எல்லோருக்குமான மணி

மகளின் கணினிப் புத்தகத்தில் புரோட்டோகால் என்ற சொல்லுக்கு அரைப் பக்கம் விளக்கம் இருக்கிறது. பேசிக்கொள்பவர்கள் முன்கூட்டியே ஒத்துக்கொண்ட விதி, அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு இது விளங்காது என்று யாரும் நினைக்க வேண்டாம். எழுபதுகளின் கடைசியில், இலங்கை மலையகத்தில் ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிற்சாலையில் தொலைபேசி பார்த்தவன் நான்.

தோட்டம் முழுவதற்கும் ஒரே கம்பி. மேனேஜர் துரையின் பங்களா, டிஸ்பென்சரி, டிவிஷன் ஆபீஸ்கள் எல்லாம் அதில்தான். கைப்பிடியைச் சுற்றினால் எல்லா இடத்திலும் மணி அடிக்கும். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு என்றால் மேல் டிவிஷன். அதுதான் முகவரி, மற்றவர்கள் எடுக்கக்கூடாது. கம்பியில் வேறு யாரும் பேசவில்லையென்று தெரிந்த பிறகே பேசலாம். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் இரண்டு பேச்சும் கெடும். கேட்டவர் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். புத்தகம் இதை ஒப்புகை என்கிறது.

முகம் பார்த்துப் பேச எனக்கு வராது. கம்பிக்கு முகமில்லை, அதனால் அந்த வேலை பிடித்திருந்தது.

ஒரு காலை பூனாகலையிலிருந்து செய்தி வந்தது. எங்கள் மேல் டிவிஷனில் கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்தியின் தகப்பன் இறந்துவிட்டார். பொழுது சாயுமுன் அடக்கம். உடனே புறப்பட்டால் பதுளைக்கு இறங்கி பஸ் பிடித்து முகம் பார்த்துவிடலாம். மேல் டிவிஷனில் ஆட்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையை அழைத்துச் சொன்னேன்.

"சரி, சரி."

"திருப்பிச் சொல்லுங்கய்யா."

"ஏன்டா, நீ எனக்கு வாத்தியாரா?"

வைத்துவிட்டார். துரையின் செய்தியென்றால் இதே மனிதர் ஒரு சொல் விடாமல் ஒப்பிப்பார். மறுபடி சுற்றினேன்.

"கொழுந்து முத்திக் கெடக்கு. அந்தியில எடை நெறுவை முடிஞ்ச பொறகு சொல்லிக்கிறேன். பொணம் எந்திரிச்சா ஓடப்போவுது?"

"அதுக்குள்ள பொதைச்சிருவாங்கய்யா."

"உன் வேலயப் பாருடா."

நிறுத்தாமல் சுற்றினால் எல்லோரும் எடுக்க வேண்டும் என்றொரு விதி உண்டு. புத்தகத்தில் அதற்கும் பெயர் இருக்கிறது, பிராட்காஸ்ட் என்று. எங்கள் தோட்டத்தில் அது தீப்பிடித்தால் மட்டும். கை வலிக்கச் சுற்றினேன். ஒவ்வொரு இடமாக எடுப்பது கேட்டது.

"எங்கய்யா நெருப்பு?" என்றார் பங்களா சமையற்காரர்.

"நெருப்பு இல்லீங்க. மேல் டிவிஷன் ஆறாம் லயம், கடேசி காம்பரா வீடு. அந்தப் பிள்ளையோட அப்பா பூனாகலையில செத்துட்டாரு. இன்னைக்கே அடக்கம். யாராச்சும் திருப்பிச் சொல்லுங்க."

சமையற்காரர் அப்படியே திருப்பிச் சொன்னார். "கணக்கப்பிள்ளை ஐயா, அங்கதானே இருக்கீங்க? பிள்ளைய அனுப்பியாச்சான்னு தொர கேட்டா நான் என்ன சொல்ல?" என்றும் கேட்டார்.

மேல் டிவிஷனிலிருந்து ஒரு இருமல் வந்தது. பிறகு, "அனுப்புறேன், அனுப்புறேன்."

கூடையை மலையிலேயே இறக்கிவைத்துவிட்டு அவள் ஓடினாளாம். குழியில் இறக்குமுன் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மறுநாள் என்னைத் தொலைபேசியிலிருந்து எடுத்துப் புல்வெட்டும் வேலையில் போட்டார்கள். ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் காலைப் பெரட்டில், ஆட்களெல்லாம் பார்த்து நிற்க, கணக்கப்பிள்ளை கேட்டார்.

"யாரக் கேட்டுடா அந்த மணிய அடிச்ச?"

"யாரையும் கேக்கலங்கய்யா. நாளைக்கு இன்னொருத்தர் செத்தாலும் கேக்கமாட்டேன்."

அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.