அரைபடாத மிளகாய்

ஜெசிந்தாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது அவளுடைய அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து என் தோழிக்காக அழுவதா, அவளோடு சண்டை போடுவதா என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருக்கிறேன்.

கருமத்தம்பட்டியில் எங்களுக்கு அடுத்தடுத்த வீடு. நாங்கள் ஆறாம் வகுப்பு படிக்கும்போது என் அம்மாவின் கல் வைத்த தோட்டில் ஒன்று காணாமல் போனது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்காகக் கழற்றிச் சுவர்ப் பலகையில் வைத்திருந்தார். குளித்துவிட்டு வந்து பார்த்தால் ஒற்றைத் தோடுதான் இருந்தது. நீ தொட்டாயா என்று அம்மா கேட்டபோது, கண்ணால்கூடப் பார்க்கவில்லை என்று சாதித்தேன். உண்மையில், அம்மா எண்ணெய் ஊற உட்கார்ந்திருந்த நேரத்தில் இரண்டையும் மாட்டிக் கண்ணாடியில் அழகு பார்த்துவிட்டுத் திரும்ப வைத்திருந்தேன். அடிக்குப் பயந்து அதைச் சொல்லவில்லை.

எடுத்தவர்களை மாசாணியம்மன் பார்த்துக்கொள்ளட்டும் என்று அம்மா ஆனைமலைக்குக் கிளம்பினார். அங்கே மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசினால் திருடியவர் உடம்பெல்லாம் எரிந்து துடிப்பார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்குமே என்று நானும் தொற்றிக்கொண்டேன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற ஜெசிந்தா, தானும் வந்தே தீருவேன் என்று அடம்பிடித்தாள். வழியெல்லாம் ஜன்னலைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கோயிலில் அம்மா அம்மிக்கல்லின்மேல் மிளகாயை வைத்துத் தண்ணீர் தெளித்ததுதான் தாமதம், அவள் பாய்ந்து குழவியைப் பிடித்துக்கொண்டாள்.

"அரைக்காதீங்க அத்தை! நாந்தானுங்க எடுத்தேன். எங்கியோ தொலைச்சும் போட்டேனுங்க."

அம்மா மிளகாயை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். அன்று ஜெசிந்தாவுக்கு விழுந்த அடி, தெருவில் ஓடும் விசைத்தறிச் சத்தத்தையும் மீறி எங்கள் வீடு வரை கேட்டது. எனக்கும் ஆத்திரம். அவளோடு டூ விட்டேன்.

சில வாரம் கழித்து, பலகைக்குக் கீழே இருந்த சீயக்காய் டப்பாவை அம்மா கவிழ்த்துத் தட்டியபோது அதிலிருந்து தோடு விழுந்தது. அம்மா அழுதுகொண்டே என்னையும் இழுத்துக்கொண்டு ஜெசிந்தா வீட்டுக்கு ஓடினார்.

"எடுக்காமயே ஏங்கண்ணு அப்பிடிச் சொன்னே?"

"பயமா இருந்துச்சுங்க" என்றாள்.

அவள் அக்கா சொன்னது இதுதான். தோட்டை மாட்டிக்கொண்டு நான் கண்ணாடி முன்னால் நின்றதை ஜெசிந்தா எங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். நான் தொடவே இல்லை என்று சாதித்ததையும் கேட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அக்காவிடம் சொல்லிச் சிரித்தாளாம். ஆக, கடைசிவரை என்னைத் திருடி என்றே நினைத்திருக்கிறாள். அப்படி நினைத்தவள், ஊருக்குப் போகும்போதெல்லாம் பீரோச் சாவியை என்னிடம்தானே கொடுத்துவிட்டுப் போனாள்? என் பிரசவத்தின்போது சொந்த அக்காபோல் பக்கத்திலேயே இருந்தாளே? கோபமாக வருகிறது, அழுகையாகவும் வருகிறது. நான் எடுக்கவில்லையடி என்று சொல்லலாமென்றால் கேட்க அவள் இல்லை.

தோடு கிடைத்த அன்று அவள் வீட்டில் அம்மாக்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது, அவள் என்னைத் தனியே இழுத்துப்போய்க் காதோடு சொன்னாள்.

"நல்ல வேலை செஞ்சே அம்மணி. இனி உனக்கு ஒண்ணும் ஆவாது."

என்ன நல்ல வேலை என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் பாராட்டுகிறாளே என்று பெருமையாகத் தலையாட்டினேன்.