அரை லிட்டர் வைரஸ்

ஒன்பது வருடமாக அந்தப் பெயிண்ட் கடையிலிருந்து ரிப்பேர்க்காரருக்கு ஒரே அழைப்புதான்: "வைரஸ் வந்துடுச்சு, வாங்க." நிறம் கலக்கும் அளவைச் சொல்லும் மென்பொருளை எழுதியவர் முதலாளியின் மாப்பிள்ளை. ஒரு லிட்டர் என்று அடித்தால் அது ஓடும். அரை லிட்டர் என்று அடித்தால் திரை உறைந்துவிடும். புதுக் கணினியில் போட்டாலும் அதே அரை லிட்டரில்தான் உறைந்தது. அளவு பார்த்து வருகிற வைரஸாம்!

மாப்பிள்ளை எழுதியதில் கோளாறு என்று சொல்ல அங்கே யாருக்கு வாய் இருக்கிறது? ரிப்பேர்க்காரருக்கும் இல்லை. எதையோ தேடுவதுபோல் நாலு பொத்தானைத் தட்டுவார், கணினியை அணைத்துப் போடுவார், "போயிடுச்சு" என்று கிளம்பிவிடுவார்.

போன வாரம் யாரும் தொடாமலே கடையின் கோப்புகள் ஒவ்வொன்றாகப் பெயர் மாறிப் பூட்டிக்கொண்டன. வந்து பார்த்த ரிப்பேர்க்காரர் சுவிட்சை அணைக்கக் கை நீட்டினார்.

"முதலாளி, இது நிஜமான வைரஸ். உடனே எல்லாத்தையும் அணைக்கணும்."

முதலாளி அவர் கையைத் தட்டிவிட்டார். "நீங்க எதையும் தொடாதீங்க. மாப்பிள்ளை வரட்டும். ஒன்பது வருஷமா எத்தனை வைரஸ் வந்தும் சாகாத சாஃப்ட்வேரை எழுதினவரு அவருதான்."