பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிலுவை

பள்ளிக்கூடத்தில் நான் படித்த சரித்திரத்தில் அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை. காலந்தோறும் மருத்துவம் என்று ஒரு பாடம் இருந்தது. அட்டை விட்டு இரத்தம் எடுத்தார்கள் என்பது மட்டும் ஞாபகம். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே கையெழுத்தான ஒப்பந்தங்கள் வருவதற்குள் நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். பிறகு நாலு நாடுகளில் கோப்பை கழுவியும் பெட்டி தூக்கியும் காலம் போயிற்று. ஆனால் இங்கிலாந்து ராசா எட்டாம் ஹென்றியின் வம்ச வரைபடத்தை இன்றைக்கும் பார்க்காமல் கீறுவேன்.

எண்பதுகளின் கடைசி. லண்டனில், வால்தம்ஸ்டோவில் ஒரு கடைக்கு மேலே, இரண்டு அறையில், பெரியப்பா, பெரியம்மா, நான். கடதாசிப்படி நான் அவர்களுடைய மகன். உண்மையான மகன் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலில் இறந்துபோனான். பாதை மூடியிருந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. அவனுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து ஒன்பதாம் நாள், லண்டனிலிருந்த பெரியப்பா கேட்டிருந்த விசா தாய்க்கும் மகனுக்குமாக வந்து சேர்ந்தது. வந்த விசாவை வீணாக்க வேண்டாம், தம்பியின் பெடியனைக் கூட்டிக்கொண்டு வரட்டும் என்று பெரியப்பா சொல்லியனுப்பினார். ஒரு பிள்ளையாவது தப்பட்டும் என்று என் அப்பாவும் சம்மதித்தார். அப்படித்தான் அவனுடைய பெயரிலும், என்னைவிட ஒன்றரை வயது கூடிய அவனுடைய வயதிலும் நான் வந்து இறங்கினேன். வெளியில் அவர்களை அப்பா, அம்மா என்பேன். கதவைப் பூட்டியதும் பெரியப்பா, பெரியம்மா. அவனுடைய திவசம் வரும் நாளில் அந்த வீட்டில் ஒன்றும் நடக்காது. தினமும் பள்ளிக்கூடம் போய்வருகிற பிள்ளைக்கு எப்படித் திவசம் செய்வது?

சரித்திர ஆசிரியை ஹென்றியின் குடும்பத்தைப் பலகையில் கீறினார். குழந்தையாகவே இறந்தவர்களின் பெயருக்குப் பக்கத்தில் சின்னச் சிலுவை. ராசா ஒரு சட்டத்தால் தன் மகள்மாரை வாரிசு இல்லை என்று ஆக்கினான், இன்னொரு சட்டத்தால் திரும்பச் சேர்த்துக்கொண்டான் என்றார். வகுப்பே ஆச்சரியப்பட்டது. எனக்கு அதில் அதிசயம் ஒன்றும் தெரியவில்லை. அவரவர் குடும்பத்தையும் அதேபோலக் கீறி வரச் சொன்னார். சரித்திரத்தில் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்றார். பொய் விசா கொடுக்கிற குடிவரவுக் கந்தோருக்கு மட்டும்தான், பள்ளிக்கூடத்துக்கு இல்லை என்று நானாகவே பிரித்து வைத்திருந்தேன்.

பின்னேரம் குசினி மேசையில், ஹென்றியின் படம் இருந்த புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கீறினேன். பெரியம்மா ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார்.

"உது ஆர் நடுவிலை?"

"ஹென்றி. ஆறு பேரைக் கட்டினவர்."

"ஆறு பேரையோ! உன்ரை பெரியப்பாவுக்கு ஒருத்தியோடை இருந்து சாப்பிடவே ஷிப்ட் விடுகுதில்லை."

பிறகு புத்தகத்தைக் குனிந்து பார்த்தார். "உதென்ன குறி?"

"செத்துப்போனவைக்குப் போடுறது."

மா குழைத்த கை நின்றது. "எங்கடை ஆக்களுக்கும் போடலாமோ?"

"ஓம். ரீச்சர் சொன்னவ."

கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து அமர்ந்தார். அவன் பிறந்த நாளையும் இறந்த நாளையும் அவரே சொன்னார். நான் எழுதினேன். "வடிவாய்ப் போடு ராசா" என்றார். அடிமட்டம் வைத்துக் கோடு நேராக்கிச் சிலுவை போட்டேன். என்னை என் சொந்தப் பெயரில், என் அப்பா அம்மாவுக்குக் கீழே எழுதினேன்.

பெற்றோரை அழைத்த மாலையில் எல்லாருடைய படங்களும் சுவரில் குத்தியிருந்தன. பெட்ரோல் ஷெட்டிலிருந்து சீருடையோடேயே வந்திருந்தார் பெரியப்பா. ஆசிரியை என் படத்தைக் காட்டிச் சிரித்தார். "உங்கள் மகன் தன்னையே சாகடித்துவிட்டான், பாருங்கள்."

பெரியப்பா குனிந்து படத்தைப் பார்த்தார். பிறகு, "மிஸ்டேக், மிஸ்டேக்" என்றபடி சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்துச் சிலுவைக்குக் கிட்டக் கொண்டுபோனார். பெரியம்மா அந்தக் கையைப் பிடித்தார்.

"வெட்டாதேங்கோ."

"விசர்க்கதை கதையாதையும். உந்த ரீச்சருக்கு விளங்கினா மூண்டு பேரையும் பிளேனிலை ஏத்தி அனுப்புவாங்கள்."

"இந்தக் கடதாசி ஒண்டிலையாவது அவன் செத்தவனாய் இருக்கட்டும்."

தமிழ் விளங்காத ஆசிரியை சிரிப்பை எப்படி முடிப்பதென்று தெரியாமல் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பெரியப்பா குண்டூசிகளைக் கழற்றி, படத்தை நாலாக மடித்து, திருத்தித் தருகிறோம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் காஸ் அடுப்பில் அதைப் பற்றவைத்துக் கோப்பை கழுவும் தொட்டிக்குள் போட்டார். என்னை ஏசவில்லை. சாம்பலைத் தண்ணீர் விட்டுக் கழுவியவர் அவர்தான். பிறகு திரும்பவும் வேலைக்குப் போனார்.

அன்றைக்கே புதுப் படம் கீறினேன். மூன்று பெட்டிகள். அவனுடைய பெயரில் நான். சிலுவை இல்லை. கோடு நேராக வருகிறதா என்று பார்க்கப் பெரியம்மாவைக் கூப்பிட்டேன். அறைக்குள் இருந்தார், வரவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். முதல் படத்துக்கு அவ்வளவு ஆசையாகப் பக்கத்தில் வந்து இருந்தவர் இதை எட்டிக்கூடப் பார்க்கவில்லையே என்று அவர்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.