பின்னால் சாயும் எறி

1971-இல் செல்வதுரையின் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். கூடைப்பந்து வளையம் இருப்பது பத்தடி உயரத்தில். நடுவிலிருக்கும் அந்த இடைவெளியில்தான் அவருடைய வேலை தொங்கிக்கொண்டிருந்தது.

அருப்புக்கோட்டை நூற்பாலை ஒன்றில் அவர் பதிலித் தொழிலாளி. யாராவது வேலைக்கு வராத அன்றுதான் உள்ளே கூப்பிடுவார்கள். காலையில் மில் கேட் அருகே காத்திருக்கும் கூட்டத்தில் அவர் மட்டும் ஓரிடத்தில் நிற்கமாட்டார். நடப்பார், திரும்புவார், இல்லாத பந்தைத் தரையில் தட்டுவார்.

"ஏலே, நின்னா காலு சுடுதோ?" என்பார்கள்.

மில் அணிகளுக்கான கூடைப்பந்துக் கோப்பையை வென்றால், அணியிலுள்ள பதிலிக்கு நிரந்தர வேலை என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. அணியில் இருந்த ஒரே பதிலி செல்வதுரை.

அவர் ஆடக் கற்றது பாளையம்பட்டியில், சர்ச்சுக்குப் பின்னால் இருந்த கரிசல் பொட்டலில். கம்பம் நட்டவர்கள் ஒரு தப்புச் செய்திருந்தார்கள். ஆடு நுழையாமலிருக்கப் பருத்திக்காட்டுக்காரர் போட்டிருந்த முள்வேலியை ஒட்டியே நட்டுவிட்டார்கள். பந்தோடு ஓடி வளையத்தை நோக்கித் தாவுகிறவன் அதே வேகத்தில் முள்ளில் போய் விழுவான். அதனால் அங்கே எல்லோரும் ஓடிவந்து, சட்டென்று நின்று, பின்பக்கமாக எம்பி, உடம்பு சாய்ந்திருக்கும்போதே ஒற்றைக் கையால் எறிந்தார்கள். வெளியூரில் அதற்கு என்ன பெயரோ, பாளையம்பட்டியில் யாரும் பெயர் வைக்கவில்லை.

மில் அணி மேலாளர் சங்கரலிங்கத்துக்கு அது கோழைத்தனமாகப் பட்டது.

"எதுக்குலே பின்னாடி போற? இங்க என்ன முள்ளா கெடக்கு?"

"காலு கேக்க மாட்டேங்குது சார்."

"கேக்க வை. இல்லேன்னா பைனல்ல வெளிய ஒக்காந்துக்க."

கேட்க வைத்தார். வெளியூரில் நடந்த இறுதி ஆட்டத்தில் நேராகவே உள்ளே ஏறினார். எதிரணிக் காசிராஜன் ஆறடிக்கு மேல். செல்வதுரை எறிந்த பந்தையெல்லாம் ஈ ஓட்டுவதுபோலத் தட்டிவிட்டார்.

"தம்பி, ஏணி கொண்டாரலையா?" காசிராஜன் கேட்க, கூட்டம் சிரித்தது.

ஆட்டம் முடியச் சில நொடிகளே இருந்தன. ஒரு புள்ளி பின்தங்கியிருந்த அணியின் பந்து செல்வதுரையிடம் வந்தது. ஏறினார். தடுக்கக் காசிராஜன் முன்னால் பாய்ந்தார். வேலியை எதிரே கண்டவர்போலச் செல்வதுரை நின்றார், பின்னால் எம்பினார்.

"வேணாம்லே!" சங்கரலிங்கம் கத்தினார்.

காசிராஜனின் விரலுக்கு எட்டாமல் போன பந்து வலைக்குள் இறங்கியது. விசில் ஒலித்தது.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் சங்கரலிங்கம் பாராட்டவில்லை. காரியாபட்டி தாண்டியதும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்த வேலியில என்ன முள்ளுலே?"

"ஒடமுள்ளு சார்."

முதல் தேதியிலிருந்து செல்வதுரை நிரந்தரத் தொழிலாளி ஆனார். அந்த வாரமே மில் மைதானத்தில், வளையத்துக்குப் பின்னால், ஒரு வண்டி உடைமுள் வந்து இறங்கியது.