நான் நிறுத்தவைத்த குளிசை

ஊர் ஊராகக் கூலி வேலைக்குத் திரிந்த நான், போன வருடம் நீர்வேலியில் கந்தையா அண்ணையின் வாழைத்தோட்டத்தில் சேர்ந்தேன். எழுபது வயதான அவர் எலும்புத் தேய்வுக்கு ஞாயிறுதோறும் வெறும் வயிற்றில் ஒரு குளிசை போட்டு, அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் எல்லோர் முன்னாலும் பகிடி விட்டேன்: "என்ன அண்ணை, பொம்பிளையளின்ரை குளிசையைப் போட்டிட்டு, பொம்பிளை பாக்க ஆக்கள் வரப்போகினம் எண்ட மாதிரி இருக்கிறியள்?"

அவரும் சேர்ந்து சிரித்தார்.

சில மாதங்களில், குலை தூக்கும்போது அவருடைய முதுகெலும்பில் வெடிப்பு விழுந்தது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன்.

"குளிசையை ஏன் ஐயா விட்டனீங்கள்?" என்று டொக்டர் கேட்டார்.

"வயிறு எரிஞ்சது."

மருந்தை மாற்ற டொக்டர் எழுதத் தொடங்கினார். என் பகிடிக்கு அடுத்த ஞாயிறிலிருந்தே அண்ணை வெறும் வயிற்றோடு காத்திராமல் எழும்பியதுமே தேத்தண்ணி குடித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"எரியேல்லை, டொக்டர். பொம்பிளையளின்ரை குளிசை எண்டு நான் நக்கலடிச்சதாலை விட்டவர்."

டொக்டர் பேனையை வைத்தார். "எலும்புத் தேய்வு ஆம்பிளையளுக்கும் வாற வருத்தம்தான் ஐயா. பழைய குளிசையையே போடுங்கோ."

வெளியே வந்ததும் அண்ணை சொன்னார்: "உன்ரை வாயைக் கட்டேலாதடா!"

அவர் இனிப் பாரம் தூக்கக்கூடாது. குலைகளை நான்தான் தூக்குகிறேன். எந்த ஊரிலும் ஆறு மாதம் தாண்டி நிற்காத எனக்கு, இந்தத் தோட்டத்தை விட்டுப் போக இன்னும் மனம் வரவில்லை.