பொன்னாடைக்குப் பதிலாக யாஃபா

சலீம் அண்ணை போய்விட்டார். இன்று காலை அவருடைய மகள் போன் பண்ணிச் சொன்னார்.

பிரான்ஸின் லா சப்பல் தமிழ்க் கடைத்தெருக்காரர்களுக்கு ஆளைத் தெரியும். ஒருவர் உள்ளே வந்தால் இன்னொருவர் வெளியே போகவேண்டிய அகலத்தில் கடை வைத்து, பலஸ்தீனச் சால்வை விற்ற மாமன்னர்.

ஒவ்வொரு சால்வைக்கும் ஓர் ஊர். ஒலிவ் மலைப் பூவேலை என்றால் நாப்லுஸ். திராட்சைக் கொடி என்றால் ஹெப்ரோன். கடலும் தோடம்பழமும் என்றால் யாஃபா... அது அவருடைய தகப்பனின் ஊர். அண்ணை ஒருநாளும் கண்டதில்லை.

ஊர்ப்பெயரை வாய்விட்டுச் சொன்னால்தான் சால்வை கைக்கு வரும்.

சைபீரியா முழுவதும் கார் து நோர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கிய ஒரு காலை, நடுங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

“அண்ணை, எனக்குக் குளிருது. ஊர் என்னத்துக்கு?”

“ஊர் சொல்லாட்டிக் குளிர் போகாது. சொல்லும்.” எங்களிடம் பழகிய தமிழ்!

“நாப்லுஸ்” என்றேன். அன்றிலிருந்து அண்ணைக்கு என் பெயரே நாப்லுஸ். குளிர்க்காய்ச்சலே வராமல், என் டாக்டருக்கு என் முகம் மறந்துவிட்டது.

பிறகு எங்கள் சங்க ஆண்டு விழா. பொன்னாடை இலாகா அடியேனுடையது. பிரதம விருந்தினர் மேடையில்... பொன்னாடை தூரத்துச் செவ்ரானில், என் வீட்டுக் கதிரையில்.

அண்ணையின் கடைக்கு ஓடினேன். ஒலிம்பிக் வீரர்கள் பார்த்திருந்தால் வேறு வேலை தேடியிருப்பார்கள்.

“அண்ணை, யாஃபாவைத் தாங்கோ! பெரியாள் ஒருத்தருக்குப் போர்த்தோணும்.”

“என்ன செய்தவர்?”

யோசித்தேன். “...வந்தவர்.”

“வந்ததுக்கெல்லாம் என்ர அப்பான்ர ஊரோ?”

கடையைப் பூட்டிவிட்டு, சால்வையோடு அவரே வந்தார். மேடையேறி மைக்கைப் பிடித்தார்.

“இஞ்சை ஆர் சமைச்சது?”

விடியலிலிருந்து முந்நூறு பேருக்குச் சமைத்துவிட்டு ஓரமாக நின்ற ராணி அக்காவைத் தள்ளிக்கொண்டு வந்தோம். அவருக்குப் போர்த்தினார். முதலில் கைதட்டியது பிரதம விருந்தினர்தான்!

“இப்ப எல்லாரும் இந்தச் சால்வையின்ர ஊரைச் சொல்லுங்கோ.”

முந்நூறு யாழ்ப்பாணத்து வாய்கள்... “யாஃபா!” மண்டபக் கூரை எழும்பிச் சென் தெனி நகர் வரை போய்த் திரும்பி வந்தது.

அண்ணை நெஞ்சை நிமிர்த்தினார். “அப்பாவுக்குக் கேட்டிருக்கும்” என்றார்.

வெள்ளிக்கிழமை அடக்கம். ராணி அக்கா யாஃபாவோடு வருகிறார். அண்ணையிடம் சால்வை வாங்கிய எல்லோரும் போட்டுக்கொண்டு வாருங்கள். வாசலில் நிற்பேன், ஊர்ப்பெயர் கேட்பேன்.

போயிட்டு வாங்கோ அண்ணை. அந்த யாஃபாக் கடலைக் கண்டால், நாப்லுஸ் சுகம் விசாரித்ததாகச் சொல்லுங்கோ.