ஸ்டாலக்கா விட்டுவைக்கும் இடைவெளி

ஷட்டரை முழங்கால் உயரம் தூக்கியதும் ஸ்டாலக்கா நிறுத்திக்கொள்வார். குனிந்து, கைபேசி விளக்கை உள்ளே அடித்து, அலமாரியின் நான்கு தட்டுகளையும் ஒரு சுற்று பார்ப்பார். எலி தேடுகிறார் என்றுதான் புதிதாகப் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அதற்குப் பிறகே மீதி ஷட்டர் மேலே போகும்.

ஆஸ்பத்திரி வாசலை ஒட்டிய புத்தக ஸ்டால் அது. எதிரே மருந்துக்கடையில் வேலை பார்க்கும் எனக்கு ஆறு வருஷமாக இதுதான் காலைக் காட்சி. அக்காவுக்கு ஐம்பது வயது, பருத்த உடம்பு, இடுப்பில் இரண்டு சாவி. பெரிய டாக்டருக்கும் அவர் அக்காதான். என்னை "மாத்திரை" என்று கூப்பிடுவார். வாங்காமல் புரட்டுகிறவர்களிடம், "புத்தகத்துக்கும் காய்ச்சல் வரும். கையைக் கழுவிட்டுத் தொடுங்க" என்பார்.

உள்நோயாளிகளுக்கு மட்டும் இரவல் உண்டு. புத்தகம் எடுத்த இடத்தில் படுக்கை எண் எழுதிய அட்டையைச் செருகி, பக்கத்துப் புத்தகங்கள் சாய்ந்து அந்த இடத்தை அடைத்துவிடாமல் நிமிர்த்தி வைப்பார். குணமாகி வீட்டுக்குப் போகிறவர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மற்றவர்களின் புத்தகம் தானாக வந்துவிடும்.

நானும் முதலில் கேலிதான் செய்தேன். போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, என் கண்ணெதிரே இரண்டு பூட்டையும் திறந்தார். இரண்டாம் தட்டில், அட்டையை ஒட்டி ஒரு நாவல் நின்றது.

"நேத்து இங்க இல்லையே இது" என்றேன்.

அக்கா அதை எடுத்து, முனை மடித்திருந்த பக்கத்தைப் பார்த்தார். "பாவம், பாதிகூடத் தாண்டல. முப்பத்திநாலாம் பெட்டு. கண்ணாடிய மாத்தணும்னு சொல்லிட்டே இருந்தாரே, அவரு." அட்டையைக் கிழித்துப் போட்டார். கால்மணி நேரத்தில் அந்தப் பெரியவரின் மகள் படியிறங்கி வந்து, சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பயமா இல்லையாக்கா?"

"எதுக்குப் பயம்? எடுத்தத எடுத்த எடத்துல வைக்கிறாங்க. உசுரோட இருக்கிறவங்க எத்தன பேரு அப்படி வைக்கிறாங்க?"

போன வாரம் அக்காவின் தம்பியை இதய நோய்ப் பிரிவில் சேர்த்தார்கள். அக்கா இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. பொழுதே போகவில்லை, ஒரு புத்தகம் கொடு என்று தினமும் நச்சரித்திருக்கிறார். அக்கா பழம் கொண்டுபோனார், ரேடியோ கொண்டுபோனார், சீட்டுக்கட்டுகூடக் கொண்டுபோனார். புத்தகம் மட்டும் கிடையாது. "கண்ணு கெட்டுடும்டா" என்று சமாளித்தார்.

இன்று மத்தியானம் அக்கா சாப்பிடப் போன நேரத்தில் வார்டு ஆயா வந்து ஒன்றை உருவிக்கொண்டு போயிருக்கிறாள். கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தது என்னிடம்தான். கூட்டத்தில் நான் கவனிக்கவில்லை. ஆயா பொறுப்பாக அட்டையும் எழுதிச் செருகியிருந்தாள். பதினேழு. தம்பியின் படுக்கை.

அக்கா அந்த அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"நான் மேல போய் வாங்கிட்டு வந்துடறேன்க்கா" என்றேன்.

"வாங்கிட்டு வந்து எங்க வைப்ப, மாத்திரை? இங்கதான? அது இங்க திரும்பி வரக்கூடாதுன்னுதான நான் இத்தன நாளா குடுக்கல." அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "விடிகாலைல அவனுக்கு ஆபரேஷன்" என்றார்.

சாயங்காலம் கடை அடைக்கும்போது நான் அங்கேயே நின்றேன். அக்கா புதிதாக வந்த கட்டு ஒன்றைப் பிரித்து, ஒரு தடித்த அகராதியை எடுத்து அந்த இடைவெளியில் திணித்தார். பாதியில் நின்றது. உள்ளங்கையால் குத்தி இறக்கினார், பலகை முனகியது. அது போதாதென்று மெல்லிய கோலப் புத்தகம் ஒன்றையும் பக்கத்தில் வைத்து அடித்தார். பிறகு சுண்டுவிரல் நகத்தை இடுக்கில் விட்டுப் பார்த்தார். நகம் நுழையவில்லை. மறுபக்கத்திலும் விட்டுப் பார்த்தார்.